எட்டு கிலோ இழுவை

வர்ஷினி தூண்டில் ரீலின் கைப்பிடியைச் சுழற்றினாள். அப்பா ஈரத்துணிக்குள் நூலை இறுக்கிப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முந்நூறு மீட்டர். தி.நகர் வீட்டு மொட்டை மாடி. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம்.

அந்த வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து பாத்திரக்கடை வைத்த அப்பா சிதம்பரநாதன் மீனை வாயில் வைத்ததே கிடையாது. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஊரூர் குப்பத்துச் சக்திவேலின் படகில் ஆழ்கடலுக்குப் போவார். அடியில் பாறையிடுக்கில் கிடக்கும் களவா மீன்தான் அவருக்குக் குறி. பிடித்ததெல்லாம் சக்திவேல் வீட்டுக்கு. திரும்பி வந்தால், கீழே குழாயடியில் குளித்த பிறகுதான் அம்மா மீனாட்சி கதவைத் திறப்பாள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கடல் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வர்ஷினியும் சண்டை போட்டுப் பார்த்தாள். கேட்கிற ஆளில்லை. போகிறவர் ஒழுங்கான கருவியோடாவது போகட்டும் என்று கடைசியில் ரீலைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டாள்.

அவள் இயந்திரப் பொறியாளர். மீன் எவ்வளவு இழுத்தால் ரீலின் பிரேக் நழுவி நூலை விட வேண்டும் என்பதைக் கொக்கித் தராசு மாட்டி அளந்தாள். நூல் தாங்குவது இருபத்து நான்கு கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு, எட்டு.

"ஆறு போதும்ட்டி. கை கடுக்கும்."

"கணக்கு எட்டுன்னு வருதுப்பா. தளர்த்தினா மீன் பாறைக்குள்ள பூந்து அறுத்துட்டுப் போயிடும்."

"சரிங்க எஞ்சினியரம்மா."

நூலுக்குக் கணக்குப் போட்டாள். அவருடைய நெஞ்சுக்குப் போடவில்லை.

அந்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அவர் படகிலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், அம்மா போலீசுக்கு மனு எழுதி வைத்திருந்தாள். "நெஞ்சுவலிக்காரரக் கூட்டிட்டுப் போயி கொன்னுட்டான். இனி எப்படிப் படகு ஓட்டுதான்னு பாக்கேன்."

வர்ஷினி குப்பத்துக்குப் போனாள். சக்திவேல் படகின் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்த? போலீஸ இட்டுக்கினு வர்லியா?"

"என்ன நடந்துச்சுன்னு தெரியணும்."

"பெரிய களவா மாட்டிக்கிச்சு. இருவது நிமிஷமா இஸ்துக்கினு கீறாரு, மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. 'அண்ணாச்சி, பிரேக்க லூஸ் பண்ணு, இல்லாட்டி நூல அறுத்து வுடு'ன்னேன். நானே கைய வச்சேன். தட்டி வுட்டாரு. 'எம் பொண்ணு அளந்து வச்சது, தொடாதலே'ன்னாரு." சக்திவேல் துணியை வீசி எறிந்தான். "இன்னா மா அளந்த நீ?"

அவள் வேறு ஏதாவது கேட்டாக வேண்டியிருந்தது. "அந்த மீன்?"

"அவுரு சாஞ்சதும் அறுத்து வுட்டேன். பின்ன, துன்னுருப்பேன்னு நெனச்சியா? போ மா."

வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றே சொன்னாள். "மனுவக் கொடுக்காதம்மா. நூல் சுத்தினது நான். பிரேக்க எட்டுல வச்சதும் நான்தான். அப்பா ஆறுதான் கேட்டாரு."

அம்மா மனுவைக் கையில் எடுத்தாள்.

"நான் கோயிலுக்குப் போன அன்னைக்கா?"

"ஆமா."

அம்மா மனுவை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிழிக்கவில்லை.

"இனிமே நீயும் கீழ குளிச்சிட்டுத்தான் மேல வரணும்," என்று கதவைச் சாத்தினாள்.

குழாயடியில் அப்பாவின் ஸ்கூட்டர் நின்றது. சோப்பு இருக்குமா என்று வர்ஷினி அதன் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கடையிலிருந்து எடுத்த புது எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது. பிடியில் கட்டியிருந்த சீட்டில் அப்பாவின் கையெழுத்து: 'சக்திவேல் வீட்டுக்கு. மூடியில் பெயர் வெட்டி, ஞாயிறு கொடுக்க.'

மூடியைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பெயர் வெட்டியிருக்கவில்லை.