இந்தியா முழுக்கத் தேடிய சீட்

ஹம்ஸினிக்குப் பன்னிரண்டு வயதில் ஓயாத தும்மல். மாத்திரை போட்டால் நிற்கும், விட்டால் வரும். அம்மா ஜலஜா அவளை ஹைதராபாத் தார்நாக்காவில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த டாக்டரம்மாள் மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். தும்மல் காலையிலா, சாயங்காலமா? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாய்? இடி இடித்தால் பயமா? அழும்போது யாராவது சமாதானம் சொன்னால் அழுகை குறையுமா, கூடுமா?

தும்மல் போனதா என்றால், பாதி போனது, பாதி அவளோடு சேர்ந்து வளர்ந்தது. கேள்விகள்தான் அவளை விடவே இல்லை. ஒரு மனுஷரை உட்காரவைத்து இவ்வளவு கேட்கலாமா, அதற்கு ஒரு படிப்பே இருக்கிறதா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். அன்றிலிருந்து சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்காமல் அனுப்பியதில்லை.

நீட் மதிப்பெண் வந்தது. எம்.பி.பி.எஸ்ஸுக்கு எட்டவில்லை, ஹோமியோபதிக்குத் தாராளம். லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் அப்பா சாரங்கபாணி, இந்த ஊர் அப்பாக்கள் எல்லாரும் சொல்வதையே சொன்னார்.

"லாங் டேர்ம் கோச்சிங் போட்டுடலாம்மா. இன்னும் ஒரு வருஷம்தானே, நீட் திரும்ப எழுதலாம்?"

"நக்கோப்பா, வேண்டாம். மார்க் குறைஞ்சதுன்னு இதுக்குப் போகல. முழு மார்க் வந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். அஞ்சரை வருஷம் படிக்கணும், படிக்கிறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே விண்ணப்பத்தைத் திறந்தார். கடைசி நான்கு வருஷம் எங்கே படித்தீர்கள் என்று ஒரு கேள்வி. அங்கேதான் சிக்கல் வந்தது.

மூன்று தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கிற குடும்பம். தமிழில் கேட்டால் பெண் தெலுங்கில் பதில் சொல்கிறாளே என்று பொறுக்காமல், பத்தாவது முடிந்ததும் சாரங்கபாணி அவளைக் கும்பகோணத்தில் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தார். பிளஸ் டூ அங்கே. தமிழ் நன்றாகவே வந்தது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் தெலங்கானா கணக்கில் அவள் வெளியூர்க்காரியாகிவிட்டாள். தமிழ்நாட்டு விதியைப் பார்த்தால், அங்கே அவள் ஹைதராபாத் பெண். மாநில ஒதுக்கீடு இரண்டு பக்கமும் இல்லை.

"நானே கெடுத்துட்டேனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் மனிதர். பாவம், பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார்.

மிச்சமிருந்தது அகில இந்திய ஒதுக்கீடு மட்டும். அதில் சீட்டுகள் கொஞ்சம், கேட்பவர்கள் நாடு முழுக்க. ஹம்ஸினி ஒரு கல்லூரி விடாமல் வரிசையாகப் போட்டாள். கொல்கத்தா, கோழிக்கோடு, புவனேஸ்வர். அரை மணி பஸ் தூரத்தில் இருக்கும் ராமந்தாபூர் கல்லூரியையும் முதல் வரியில் போட்டுவைத்தாள். அதைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் பேசவில்லை. ஆசைப்படவே பயம்.

லாங் டேர்ம் கேட்ட சாரங்கபாணி இப்போது அவளைவிடப் பரபரத்தார். ரயில்காரர் அல்லவா? எந்த ஊருக்கு எந்த வண்டி, செகந்திராபாத்தில் எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கலாம் என்று ஒரு நோட்டே போட்டுவிட்டார். முதல் சுற்றில் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஜலஜா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

மூன்றாவது சுற்றுப் பட்டியல் ஒரு பகல் பதினோரு மணிக்கு வந்தது. ஹம்ஸினி போனில் தன் ரேங்க்கைத் தேடித் தேடி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"எந்த ஊரு? எந்த ஊரும்மா?" சாரங்கபாணி நோட்டைப் பிரித்துவிட்டார். "கொல்கத்தாவா? நேரா வண்டி இருக்கு!"

"அந்த ஊருக்கு ரயில் இல்லப்பா."

"ரயில் இல்லாத ஊரா? கைக்கும்மா? எதுக்கு அதைப் போட்டே?"

"பஸ்ஸு போதும்பா. ராமந்தாபூர்!"

ஜலஜா கையிலிருந்த கரண்டியோடு ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். முதுகெல்லாம் சாம்பார். ஹம்ஸினி குதித்த குதியில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

சாரங்கபாணி போனை வாங்கி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "அகில இந்திய ஒதுக்கீடு. இங்க பொறந்தவ. இங்கயே படிக்க இந்தியாவையே சுத்தி வரணுமா?" சிரித்தார், பாதியிலேயே கண்ணீர் வந்துவிட்டது. நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஹம்ஸினி அவர் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நோட்டை மெல்ல இழுத்து, ரயில் நேரங்கள் முடிந்த பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்கப்பா. இந்த அழுகை எத்தனை நாளா இருக்கு?"

அவர் மூக்கை உறிஞ்சினார். "உன்னைக் கும்பகோணத்துல விட்டுட்டு வந்த அன்னிலேருந்து."

அவள் தேதி கேட்டு எழுதிக்கொண்டாள்.