படகு நம்பரும் பாஸ்வேட்டும்

"வள்ளம் வெளிக்கிடப்போகுது, கெதியாத் திற தம்பி!" றெஜினா அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டா. திரையோ கறுப்பாக நிற்கிறது. கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தவர்களே, அந்த நேரம் மெசினைத் தட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

சும்மா வந்த சீடி

ஓ.எல். சோதினை சரிவராமல், ஊர்காவற்றுறை இறங்குதுறையடியில் செல்வம் அண்ணையின் கடையில் வேலைக்கு நின்றேன். அங்கிருந்து வந்து மூன்று வருசமாகிவிட்டது, அந்தப் பழைய மெசினின் உறுமல் இப்பவும் காதுக்குள் நிற்கிறது. அங்கே இன்ரநெற் இல்லை. ஆட்கள் கடிதத்தை அடித்துவிட்டுப் போவார்கள். அண்ணை பிளொப்பியில் ஏற்றி, உப்புக் காற்றுப் படாமல் பொலித்தீனில் சுற்றி, பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுபோய் ஈமெயிலில் அனுப்புவார். பின்னேரம் பதில்களோடு வருவார். அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றதுபோல நான் எதையும் பார்த்து நின்றதில்லை.

எழுவைதீவில் இருந்து வள்ளத்தில் வரும் றெஜினா அக்கா நோர்வேயில் இருந்த ஒருவருக்கு எழுதுவா. கட்டினால் அவரைத்தான் என்று இருந்தா; வீட்டுக்குத் தெரியாது. திரை கறுத்த அன்று வைரஸ் அவவின் கடிதம் அவ்வளவையும் தின்றுவிட்டது. மெசினுக்குக் காசு குடுக்காத கள்ளக் கொப்பி மென்பொருள் போட்டால் இதுதான் நடக்கும் என்று அண்ணைக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். சிநேகிதன் தந்த லினக்ஸ் சீடியைப் போட்டு மெசினை அதில் ஓடவிட்டேன். காசில்லை, கள்ளமில்லை, எப்படிச் செய்தது என்று எவரும் திறந்து பார்க்கலாம் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அண்ணை சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சும்மா குடுக்கிறானெண்டா உதில ஏதோ வில்லங்கம் இருக்கு."

கரையில் எழுதிய ரகசியம்

லினக்சில் ஆளாளுக்குத் தனிப் பாஸ்வேட் வைக்கச் சொன்னேன். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றும் சொன்னேன். எழுவைதீவு ஆட்கள் எல்லாரும் வைத்தது அவரவர் வீட்டுப் படகு நம்பர். படகில் முழ உயரத்துக்கு வெள்ளைப் பெயின்றில் எழுதியிருக்கிற நம்பர்! ஊருக்கே தெரிந்ததை வைக்கலாமா என்று அவர்களில் ஒருத்தியான மரியம்மா அக்காவிடம் கத்தினேன். அவ சிரித்தா.

"அதுதான் நல்லது தம்பி, மறந்தாலும் கரைக்குப் போய்ப் பாக்கலாமெல்லே."

பெயர் எழுதிய பிளொப்பி

றெஜினா அக்கா வைத்திருந்ததும் தமையன் அன்ரனின் படகு நம்பர்தான். நச்சரித்து மாற்றவைத்தேன். நல்லகாலம். ஆரோ நோர்வேக் கடிதக் கதையைச் சொல்லி, ஒரு மத்தியானம் அன்ரன் வந்தே விட்டார். மெசினுக்கு முன்னால் இருந்து தன்ர நம்பரை அடித்தார். திறக்கவில்லை. திரும்பவும் அடித்தார்.

"டேய், உனக்குத் திறக்க ஏலுமோ?"

"ஏலும். திறக்கமாட்டன்."

அவர் செல்வம் அண்ணையைப் பார்த்தார். அண்ணைக்கு எழுவைதீவு ஆட்கள்தான் பாதிக் கடை; அவர் என் பக்கம் திரும்பினார்.

"உதை எவரும் திறந்து பாக்கலாமெண்டு நீதானே சொன்னனீ? இப்ப திற!"

"பூட்டை எப்பிடிச் செய்ததெண்டுதான் எல்லாரும் பாக்கலாம் அண்ணை. உள்ளுக்கு இருக்கிறது அவவின்ர."

அண்ணை புதுப் பிளொப்பி ஒன்றை எடுத்து, 'றெஜினா' என்று எழுதி ஒட்டி, என் கையில் திணித்தார்.

"நான் சாப்பிட்டு வாறதுக்குள்ள கடிதம் எல்லாத்தையும் இதில ஏத்தி அன்ரனிட்டைக் குடு, இல்லாட்டி நாளைக்கு இஞ்சால வராத."

நான் அடுத்த நாள் போகவில்லை. அந்தப் பிளொப்பி இன்னும் என் அலுமாரியில் வெறுமையாகக் கிடக்கிறது, அந்தக் கடையில் வைரஸ் ஏறாத ஒரே பிளொப்பி அதுதான்.