கதாநாயகனும் என் ரப்பரும்

"வாடகைக்குப் போன புத்தகம் திரும்பி வரும்போது, எடுத்துப் போனவங்க வீட்டையும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும்." இதை முதலில் எனக்குச் சொன்னவர் என் பெரிய நாத்தனார் சரோஜா. செங்கம் ரோட்டுச் சந்தில் இருக்கும் வாடகை நூலகத்தை, முழங்கால் வலி தாங்காமல் என் தலையில் கட்டிய அன்றைக்குச் சொன்னார். நான் ஒன்பதாவது வரை படித்தவள். குழம்புக் கறையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல் புத்தகத்தோடு மாரடிக்கும் பாவப்பட்ட ஜீவன்களுக்கு இது புரியும்.

எங்கள் கடையில் அதிகம் தேய்ந்தது ஒரு பழைய தொடர்கதை. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு. எஸ்டேட் முதலாளி இளம் மனைவியை மாடி அறையில் வைத்துப் பூட்டுவான். அவள் அம்மா எழுதும் கடிதங்களை அடுப்பில் போடுவான். எல்லாம் அன்பினாலாம்! கடைசிப் பக்கத்தில் அவள்தான் அவன் காலில் விழுவாள். கல்யாணமான புதிதில் இதைப் படித்துத் தேம்பித் தேம்பி அழுதவள் நான். கடைக்கு வந்த புதுப்பெண்களுக்கெல்லாம் "நல்ல குடும்பக் கதை" என்று என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அண்ணாமலையார் மன்னிக்கட்டும்.

முதல் அடி

லீவுக்கு வந்த என் மகள் அதைச் சாப்பிட்டபடியே படித்து முடித்தாள். அழுவாள், கண்ணைத் துடைத்துவிடலாம் என்று முந்தானையோடு காத்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "ம்மா, இது காதல் கதை இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்க வேண்டிய கம்ப்ளெயின்ட்."

வேங்கிக்கால் தம்பதி

வேங்கிக்காலிலிருந்து வரும் ரிட்டயரான அதிகாரி ஒருவர் கதாநாயகனுக்காக ரொம்ப வாதாடினார். "அவன் கண்டிப்பானவன், அவ்ளோதாம்மா. பொண்டாட்டி மேல பிரியம் ஜாஸ்தி."

பின்னால் நின்ற அவர் மனைவி கீரைக்கட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வூட்டு நாயவே சாயந்திரம் அவுத்து வுடறோம்ங்க."

ஆட்டோ ஓடாத நாள்

பௌர்ணமி கிரிவலத்துக்கு ரோட்டை அடைத்துவிட்டால் ஆட்டோக்காரர் முருகனுக்கு சவாரி கம்மி. அன்றைக்குத்தான் படிப்பார். பாதியிலேயே பைண்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். "அக்கா, இந்தாளு என் வண்டில ஏறியிருந்தா பாதி வழியிலயே எறக்கி வுட்டிருப்பேன்."

மூணு புள்ளி

கல்பனாவுக்கு முப்பது வயது இருக்கும். அவளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது புருஷன்தான். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துப் பார்ப்பார். முடிவு அவருக்குப் பிடித்தால் அவள் படிக்கலாம். அவளிடம் போன் கிடையாது. "அவளுக்கு எதுக்குங்க போனு?" என்பார். உடம்பில் பாதியையே பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமி இருக்கிற ஊரில் இப்படி ஒரு ஆள்!

அந்த பைண்டின் கடைசிப் பக்கம் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

எங்கள் வாடிக்கையாளர்கள், படித்த கதையையே மறுபடி எடுத்துவிடாமலிருக்கப் புத்தகத்துக்குள் பென்சிலால் ஒரு அடையாளம் போட்டு வைப்பார்கள். கல்பனாவின் அடையாளம் மூணு புள்ளி. மற்ற கிறுக்கல்களை நான் ரப்பரால் அழித்துவிடுவேன். இந்தத் தடவை மாடி அறையைப் பூட்டுகிற பக்கத்தில் மூணு புள்ளி இருந்தது. பக்கத்திலேயே, "எங்க வீட்லயும்." கடிதத்தை எரிக்கிற பக்கத்தில் மறுபடியும், "எங்க வீட்லயும்."

ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அவள் வரிக்குக் கீழே எழுதினேன்: "யாருக்காவது சொல்லணுமா?"

அடுத்த வாரம் அவள் புருஷனிடம் கூசாமல் சொன்னேன்: "இந்தக் கதையெல்லாம் ஒரு தடவை படிச்சா பத்தாதுங்க."

"கரெக்டா சொன்னீங்க" என்று அவரே பைக்கில் வைத்து எடுத்துப் போனார். பைண்டு திரும்பி வந்தபோது அதில்: "போளூர்ல அண்ணன். நம்பர் மனப்பாடம்." நான் எழுதினேன்: "எழுதும்மா. நான் பேசறேன்." இன்னொரு தடவை போய்வந்தது. நம்பர் இருந்தது. கீழே, "வரச் சொல்லுங்க." எங்கள் ரெண்டு பேருக்கும் மூணு வாரம் தபால்காரர் அவர்தான்.

நம்பரைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவள் அண்ணனிடம் போனில் பேசினேன். புருஷன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணனும் அண்ணியும் கார் எடுத்துவந்து கல்பனாவைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

மறுநாள் அவர் கடை வாசலில் வந்து கத்தினார். "என்ன புக்கு குடுத்தீங்க அவளுக்கு?"

விபூதி டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க எடுத்துக் குடுத்ததுதாங்க."

பைண்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "கடைசில அவதான கால்ல வுழணும்?"

அட்டை

"புத்தகத்தில் கிறுக்காதீர்கள்" என்று மாட்டியிருந்த அட்டையைக் கழற்றிவிட்டேன். இத்தனை வருஷமாக எங்களை அழவைத்த அந்தக் கதாநாயகன் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடமாவது விட்டு வைத்திருக்கிறான், அதில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்; பேனா மட்டும் வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள்.