குழந்தை வண்டியில் வந்த கீரை

ஏழு தெருக்களிலும் அவளுக்குப் பெயர் கீரையக்கா. வீட்டில் மகளுக்கு அம்மா, கணவனுக்கு "இங்க பாரு". மற்ற எல்லோருக்கும் பதினாறு வருஷமாக அவள் கீரையக்காதான். மகள் பிறந்தபோது ஒரு பெரிய வீட்டில் கொடுத்த பழைய குழந்தை வண்டி அவளிடம் இருந்தது. மகள் நடக்கத் தொடங்கியதும், வண்டி சும்மா கிடப்பானேன் என்று அதில் கீரைக்கட்டுகளை அடுக்கி, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் குனிந்து பார்த்து, "குழந்தை தூங்குதா?" என்று கேட்பார்கள்.

"தூங்குதுங்க. ஒரு கட்டு எழுப்பித் தரட்டுமா?" என்பாள்.

அவள் கீரையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேர். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், எண்ணெய் தடவினது போல மினுமினுப்பு. பூச்சி அரித்த ஓட்டை ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஒவ்வொரு கட்டையும் ஒரு துணிக்கிழிசலால் கட்டியிருப்பாள். அந்தக் கிழிசல்களைக் கொடுப்பது நாலாம் தெருவில் இருந்த தையல்காரி. சட்டை வெட்டி மிஞ்சினதையெல்லாம் அவள் ஒரு பையில் போட்டு வைப்பாள். கீரையக்கா அதற்குப் பதிலாக ஒரு கட்டு கூடுதலாக வைத்துவிட்டுப் போவாள்.

நிலம் ஊருக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் கழிவுநீர்க் கால்வாய், நடுவில் நீளமாக ஒரு துண்டு. அதில் பாதியில் கணவன் பாத்தி கட்டினான், மீதியில் கணவனின் அண்ணன். கால்வாயின் மேல்பக்கம் முலாம் பூசும் பட்டறைகளும் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைகளும் வரிசையாக இருந்தன. தண்ணீர் ஒரு நாள் துருப்பிடித்த நிறத்தில் வரும், ஒரு நாள் நீலம் பாய்ந்து வரும், சில நாள் சோப்பு நுரை முழங்கால் உயரத்துக்கு நிற்கும். கணவன் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு டீசல் பம்பை முடுக்குவான். "நாத்தம் பிடிச்ச தண்ணிதான். ஆனா உரமே வேணாம் பாரு, எப்படித் தளதளன்னு வருது" என்பான். அவளும் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க வயிறு நிறைகிற மாதிரித்தான் இருக்கும்.

ஒரு நாள் காலையில் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கீரையையும் முள்ளங்கியையும் வேரோடு பிடுங்கித் தனித்தனிப் பையில் போட்டாள். மண்ணை ஒரு கரண்டியால் தோண்டி எடுத்தாள், கால்வாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்தாள். கூட வந்த நர்ஸ், புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் கொஞ்சம் ரத்தமும் எடுத்தாள். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் தனியாகத் திரும்பி வந்தாள். பம்புக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல், கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் கீரையில காரீயம் இருக்கு. இருக்கலாம்னு சொல்ற அளவைவிட நாலு மடங்கு. காட்மியம்னு இன்னொண்ணு, அதுவும் அதிகம்தான். முள்ளங்கியில கொஞ்சம் கம்மி. கீரைதான் ரொம்ப இழுத்து வெச்சுக்குது."

"நான் நல்லாக் கழுவிட்டுத்தானேம்மா விக்கிறேன்? ரெண்டு தண்ணி, மூணு தண்ணி..."

"மேல ஒட்டின தூசி போகும்க்கா. வேர் வழியா உள்ள ஏறினது போகாது. வேக வெச்சாலும் சாகாது, அது கிருமி இல்ல. உலோகம்."

"சாப்பிட்டா என்ன ஆகும்?"

"இன்னிக்குச் சாப்பிட்டா நாளைக்கு ஒண்ணும் ஆகாது. அதான் யாருக்கும் தெரியறதில்ல. வருஷக்கணக்கா உடம்புல சேரும். காட்மியம் கிட்னியில போய் உக்காரும், எலும்பைப் பலவீனமாக்கும். காரீயம் குழந்தைங்க மூளைக்கு ஆகவே ஆகாது. வயித்துல இருக்கிற குழந்தைக்கும் அம்மா ரத்தம் வழியாப் போகும்."

கணவன் சிரித்தான். "நாங்க சாப்பிடலையா? தினம் விக்காத தண்டெல்லாம் எங்க வயித்துக்குள்ளதான். எங்க பொண்ணு இதைத் தின்னுதான் வளர்ந்தா. இப்ப காலேஜ்ல முதல் ஆளா வர்றா."

"நல்லதுண்ணே. எல்லாருக்கும் ஒரே மாதிரி காட்டாது" என்றாள் அந்தப் பெண். பிறகு தயங்கி, "உங்க ரத்தத்துலயும் இருக்கு. ரெண்டு பேருமே பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க" என்றாள்.

கீரையக்காவின் காதில் கடைசியில் சொன்னது ஏறவே இல்லை. வயிற்றில் இருக்கிற குழந்தை என்று சொன்ன இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். அவள் கண்முன் வந்தது நாலாம் தெரு வீடு. ஏழு வருஷத்துக்கு முன்னால், தையல்காரி முழுகாமல் இருந்தபோது, ரத்தம் கம்மி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீரையக்கா அன்றிலிருந்து பேறுகாலம் வரைக்கும் ஒரு நாள் தவறாமல் கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. "தாயே, இது மருந்து. ஒரு இலை மிச்சம் வெச்சாலும் நான் சண்டைக்கு வருவேன்" என்று எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்திருக்கிறாள்.

அந்தப் பெண்குழந்தைக்கு இப்போது ஆறு வயது. பேச்சு தாமதமாக வந்தது. எழுத்து தங்கவில்லை; இன்று சொல்லிக் கொடுத்ததை நாளைக்குப் புதிதாகப் பார்க்கும். திடீரென்று கோபம் வந்தால் தரையில் விழுந்து தலையை முட்டிக்கொள்ளும்.

மறுநாள் வழக்கம்போல வண்டியில் கீரையை அடுக்கினாள். முதல் தெருவில் நுழைந்தாள். ஒவ்வொரு வாசலும் அவளைப் பார்த்தது. இந்த வீட்டில் கிட்னி கெட்டுப்போய் வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிற தபால்காரர். அந்த வீட்டில் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த கணக்கு டீச்சர். எதிர்வீட்டில் எந்நேரமும் வயிற்றுவலி என்று அழுகிற இரட்டையர். இத்தனை நாள் இதெல்லாம் அவரவர் வீட்டுக் கஷ்டம் என்றுதான் இருந்தாள். "பாவம்" என்று சொல்லி ஒரு கட்டு சேர்த்து வைத்துவிட்டு வருவாள். அன்றைக்கு ஒவ்வொன்றும் அவள் வண்டிக்குள்ளிருந்து எழுந்து போன மாதிரி இருந்தது. ஒரு கட்டுகூட விற்காமல் வண்டியைத் திருப்பினாள். வழியில் ஒரு பசு சாக்கை முகர்ந்தது. கையை ஓங்கி அதைத் துரத்திவிட்டாள்.

வீட்டில் பெரிய சண்டை. கணவனைவிட அவன் அண்ணன்தான் குதித்தான். "ஒரு சின்னப் பொண்ணு தாளைக் காட்டினா எங்க வயித்துல அடிச்சிடுவியா? கால்வாயில விஷத்தை விடறவன் கார்ல போறான். நீ போய் வீடு வீடாச் சொல்லி எங்களை நாறடிக்கப் போறியா?"

"கால்வாயில விடறவன் யாருக்கும் ஊட்டி விடலையே" என்றாள் அவள்.

கணவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், ஆய்வுக்கூடப் பெண் சொன்ன பெரிய ஆஸ்பத்திரியில் அவன் சிறுநீரைச் சோதித்துவிட்டு, கிட்னி லேசாகக் கசிகிறது என்றார்கள். காரணம் ரத்தக்கொதிப்பாகவும் இருக்கலாம் என்றார்கள். அவன் வீட்டுக்கு வந்தான். அடுத்த நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், தன் பாதியில் நின்ற கீரையை எல்லாம் அவனே பிடுங்கிப் போட்டான்.

அவள் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏழு தெருவுக்கும் போனாள். வண்டி இல்லாமல் அந்தத் தெருக்களில் நடக்க அவளுக்குத் தெரியவில்லை. சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டார்கள். "எதுலதான் விஷம் இல்ல இப்ப? விடுங்கக்கா" என்று ஒருத்தி சிரித்தாள். ஒரு வீட்டில் கதவை முகத்தில் அறைந்தார்கள். தபால்காரர் நிதானமாகக் கேட்டார்: "என் கிட்னி உன் கீரையாலயா?"

"சொல்ல முடியாதாம் சார். கேட்டுட்டேன்."

"சரி. எனக்குச் சர்க்கரையும் இருக்கு" என்று அவரே அவளைத் தேற்றுகிற மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

நாலாம் தெருவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். சின்ன அறை. ஜன்னலடியில் தையல் மிஷின், பாவாடைத் துணியில் சாக்குக்கட்டிக் கோடுகள், சுவரோரம் தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள். குழந்தை ஜன்னல் மேடையில் உட்கார்ந்து, உரிந்த பச்சைப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது. தையல்காரியின் கணவன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். வீட்டில் அவளும் மாமியாரும்தான். குழந்தையின் மந்தம் பற்றி மாமியார் சொல்லாத நாள் இல்லை: "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு நாள் முழுக்க மிஷினை மிதிச்சா, மூளை ஆட்டம் காணாம என்ன செய்யும்?" ஆறு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு தையல்காரியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

கீரையக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரி சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அப்ப... நான் மிஷின் மிதிச்சதால இல்லையாக்கா?"

அவளுக்குப் பின்னால், அடுப்படி நிலையில் மாமியார் நின்றிருந்தாள். ஆய்வுக்கூடப் பெண்ணிடம் கீரையக்கா இதையேதான் குடைந்து குடைந்து கேட்டிருந்தாள். ஒரு குழந்தையைக் காட்டி இதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றுதான் பதில் வந்திருந்தது. அந்தப் பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

"இல்லம்மா" என்றாள் உரக்க. "மிஷினும் இல்ல, நீயும் இல்ல. என் கீரைதான்."

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரி அழுதாள். பாரம் இறங்கிய அழுகையா, ஆத்திரமா என்று கீரையக்காவால் பிரித்தறிய முடியவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தையல்காரி சொன்னாள்: "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்கக்கா."

மூன்று வாரம் கழித்து அவளே குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "ரத்தம் சோதிக்கணும்னு சொன்னீங்களே, எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டாள். மூவரும் பஸ்ஸில் போனார்கள். குழந்தை வழியெல்லாம் கீரையக்காவின் வளையலைத் திருகிக்கொண்டே வந்தது.

குழந்தையின் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருந்தது. டாக்டரம்மா வீட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். ஜன்னல் பெயின்ட் எந்தக் காலத்தது, குழந்தை அதைச் சுரண்டுமா, விரலை வாயில் வைக்குமா? "பழைய பெயின்ட்லயும் காரீயம் இருக்கும். கீரை எவ்வளவு, பெயின்ட் எவ்வளவுன்னு இப்பப் பிரிச்சுப் பாக்க முடியாது" என்றார்.

அந்த நேரத்தில் கீரையக்காவின் மனதில் ஒரு ஆசை குபுக்கென்று எழுந்தது. பெயின்ட்டாக இருக்கட்டும். பெயின்ட்டாகவே இருந்துவிடட்டும். ஒரு நொடிதான். அதற்குள் குழந்தை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டது. மனசுக்குள் இருந்ததை யாரோ உரக்கப் படித்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. கதவுக்கு வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். தையல்காரிக்கோ பெயின்ட் பேச்சே காதில் ஏறவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு பற்றிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருந்தது. அதை அவள் விடுவதாக இல்லை. ஆனாலும் டாக்டரம்மா சொன்னபடி குழந்தையை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஈரத்துணியால் நனைத்து நனைத்து ஜன்னலைச் சுரண்டி, புதிதாகப் பூசவும் செய்தாள்.

ஒரு வருஷம் போனது. குழந்தையின் ரத்தத்தில் காரீயம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால், போன காலத்தைத் திருப்பித் தர அதனால் முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பள்ளியில் தனியாக ஒரு டீச்சர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். மாமியார் இப்போதெல்லாம் மருமகளைத் திட்டுவதில்லை. கீரையக்காவைத்தான் திட்டுகிறாள், தெருவில் நாலு பேர் கேட்கும்படி. கீரையக்கா நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

கால்வாய் அப்படியேதான் ஓடுகிறது. அவள் கொடுத்த மனுவுக்கு அதிகாரிகள் இரண்டு தடவை வந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அவர்கள் பாதியில் இப்போது வீட்டுத் தோட்டங்களில் பதிக்கிற புல் வளர்கிறது. கட்டடக்காரர்கள் அதைப் பாய் மாதிரிச் சுருட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். கணவனின் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். அவன் பாத்தியில் கீரை இன்னும் தளதளவென்றே நிற்கிறது. வேறொரு பெண் அதை வேறு தெருக்களில் விற்கிறாள். ஒரு தடவை கீரையக்கா அவள் பின்னாலேயே போய், வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பொறாமைக்காரி என்று சொல்லி விரட்டிவிட்டார்கள்.

இப்போதும் சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில் அவள் பள்ளிக்கு எதிர்த் தெருமுனையில் போய் நிற்பாள். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் எந்த வீட்டுப் பிள்ளை, அவர்களுக்குப் பல் முளைக்கும்போது தான் என்ன கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பிள்ளை படியில் தடுக்கி விழுந்தால் நெஞ்சு திக்கென்கிறது. ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாலும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைகளும்தான் விழுகின்றன, குனிகின்றன, மறந்துவிட்டுத் திரும்பி ஓடுகின்றன என்று கணவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான்.

போன வாரம் தையல்காரியின் மகள் கூட்டத்திலிருந்து பிரிந்து நேராக அவளிடம் வந்தாள். ஒரு காலை முன்னால் நீட்டினாள். ஷூவின் நாடா அவிழ்ந்து புழுதியில் இழுபட்டிருந்தது. கீரையக்கா மண்டியிட்டு அதை இறுக்கிக் கட்டினாள். முடிச்சை அவிழ்த்து இன்னொரு தடவையும் போட்டாள். குழந்தை பொறுமையாக நின்றது. பிறகு திரும்பி, வீட்டுப் பக்கம் ஓடியது.