ஓட்டை போட்ட கல்யாணப் பத்திரிகை

யாருடைய கல்யாணமோ தெரியாது. அந்தப் பழைய பத்திரிகையின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார் துப்பாக்கி செய்யும் மேஸ்திரி. கையை நீட்டிப் பிடித்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணைத் தனியாக மூட எனக்கு வராது, கையால் பொத்தினேன். கடிகாரம் காணாமல் போனது. வலது கண்ணைப் பொத்தினால் அசையாமல் நின்றது. "உங்களுக்கு லெஃப்ட் கண்ணுதான் ஜோரு சார். கட்டையயும் லெஃப்ட்லயே போட்டுறலாம். குதிரைய மட்டும் புதுசா செய்யணும். அஞ்சு மாசம் கூடுதலா ஆவும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நான் என்ன லெஃப்ட் ஹேண்டா? ரைட்லயே போடுங்க" என்றேன். சரி சார் என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டவர்தான்.

குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, குண்டைக் குச்சியால் இறக்கி, கட்டையின் பக்கவாட்டில் பொருத்திய குதிரை என்ற விசையால் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கி அது. ஆஸ்டின் டவுனில், வீட்டின் முன்னறையில், லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையால் செய்தார். என் கை நீளம், கழுத்து, கன்ன எலும்பு எல்லாவற்றையும் தையற்காரர் மாதிரி அளந்துகொண்டார். இரும்புப் பாகம் இடைவெளி இல்லாமல் உட்கார, அதில் விளக்குக் கரி தடவி வால்நட் கட்டையில் அழுத்துவார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்டுவார். மறுபடி கரி, மறுபடி உளி. சனிக்கிழமைதோறும் பொம்மசந்திராவிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்ப்பேன். போன வாரம் இருந்த மாதிரியே இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவேன். இப்படியே பதினான்கு மாதம் போனது.

கடைசியில் துப்பாக்கி வந்தது. வலது தோளில் வைத்துச் சுட்டால் குண்டு இடப்பக்கமே போய் விழுந்தது. துப்பாக்கி சுடும் கிளப்பில் சிரித்தார்கள். மூன்று தரம் திருப்பிக் கொண்டுபோனேன். மூன்று தரமும் குறிமுனையை அரத்தால் ராவித் தந்தார். மூன்றாம் தரம், வேறு ஆட்கள் இருக்கும்போதே, "உங்களுக்கு வேலை தெரியல மேஸ்திரி" என்று கத்தினேன். "குடுங்க சார், இன்னொரு தரம் பாக்கறேன்" என்றார், அவ்வளவுதான். கம்பெனியில் நான் குவாலிட்டி செக்‌ஷன். அளவு தப்பினால் முதலில் அளந்தவனைச் சந்தேகப்படு என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவன். இந்த மனிதராவது ஒரு தரம் திருப்பிக் கத்தியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. போன மாதம் போனதும் நான்காம் தரம் சண்டை போடத்தான். கதவைத் திறந்தது அவர் மனைவி. மேஸ்திரி தவறிப்போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்றார். அந்தம்மா உள்ளே போய்ப் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கட்டையைக் கொண்டுவந்தார். "இது உங்களுதுன்னு சொன்னாரு சார். லெஃப்ட்டு. நீங்க ஒத்துக்கிற அன்னிக்கு குதிரை செய்யலாம்னு வெச்சிருந்தாரு. கேட்டா வரட்டும், வருவாருன்னுவாரு."

கட்டையின் இடுப்பில் ரப்பர் பேண்ட் போட்டு அந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கட்டியிருந்தார். எடுத்து, முன்னறைச் சுவரில் இருந்த அதே கடிகாரத்தை நோக்கி நீட்டிப் பிடித்தேன். இடது கண்ணைப் பொத்தினேன்; கடிகாரம் போய்விட்டது. பிறகு கட்டையைத் தூக்கி இடது தோளில் வைத்தேன். கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது. எந்தக் கண்ணையும் மூடவில்லை. குழலுக்காக வெட்டிய பள்ளம் நேரே கடிகாரத்தின் நடுவில் போய் நின்றது. மேஸ்திரி, நான் ஒத்துக்கொள்கிறேன் என்று அந்தம்மா காதுபடவே சொன்னேன்.

பத்திரிகை கட்டியிருந்த இடத்தில்தான் குதிரை உட்கார வேண்டும். அங்கே உளி படவே இல்லை.