முன்வரிசை வாங்குகள்

என் கல்யாணத்தன்று வாழ்த்துச் சொல்ல வந்த டெனிஸ்காரப் பெரியவருக்கு நான் கை கொடுக்கவில்லை. என் அக்கா இன்றும் அதைச் சொல்லிக் குறைப்படுவாள். மரியாதை தெரியாதவள் என்ற பெயர் அன்றோடு எனக்கு நிலைத்துவிட்டது. நிலைக்கட்டும். எங்கள் கோயில் பூட்டின் திறப்பு அந்தக் கையில்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில், யூலாந்துப் பகுதியின் ஒரு சின்ன ஊருக்கு அகதிகளாக வந்து சேர்ந்திருந்தோம். ஊர் நடுவில், வங்கிக்கும் சப்பாத்துக் கடைக்கும் இடையில், செங்கல்லால் கட்டிய ஒரு கிறிஸ்தவச் சிற்றாலயம். அதைக் கட்டிக் காத்த டெனிஸ் சபை வயதாகித் தேய்ந்து போயிருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் எங்களைப் பாவிக்க விட்டார்கள். சபைத் தலைவரான அந்தப் பெரியவர் திறப்பைத் தரும்போது ஒரேயொரு நிபந்தனை வைத்தார். பெயர் பொறித்த பித்தளைத் தகடு அடித்த முன்வரிசை வாங்குகள், அந்த நீள மர இருக்கைகள், சபையின் பழைய குடும்பங்களுக்கு உரியவை. அவற்றில் நாங்கள் இருக்கக் கூடாது.

எல்லோரும் தலையாட்டினார்கள். பழைய குடும்பங்கள் எப்போதாவது வரலாம் என்று அக்கா கிழமைதோறும் அந்த வாங்குகளை ஈரத்துணியால் துடைத்தாள். ஒருவரும் வரவில்லை. பின்னால் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். பிள்ளைகள் மடியில், இடம் கிடைக்காத ஆண்கள் கதவோரக் குளிரில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சும்மா கிடக்கிற வாங்குதானே அண்ணை, போய் இருப்பம்" என்பேன் ஆராதனை நடத்துபவரிடம். அவர் யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்தவர்.

"பொறு பிள்ளை. இடம் தந்த ஆக்களின்ர மனம் நோகக் கூடாது."

அவருடைய அந்தப் பொறுமையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் பொருந்தியது. அம்மாவும் அப்பாவும் ஊரில், வர வழியில்லை. கூறைச்சேலை வேண்டாம், நகை வேண்டாம், ஒரு கோயிலுக்குள் தாலி ஏறினால் போதும் என்றுதான் கேட்டேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் மாப்பிள்ளையும் நானும் முன்வாங்கில் இருக்கலாமா என்று கேட்க அண்ணையோடு பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

கோப்பியும் கேக்கும் வைத்தார். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்துவிட்டு, ஆலயத்தை விற்றாயிற்று என்றார்.

"முன்வரிசைகள் நெடுங்காலமாக வெறுமையாகவே கிடக்கின்றன. சபை இல்லாத ஆலயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஸில், "நாங்கள் இருந்தோமே" என்றேன்.

"நீங்கள் விருந்தாளிகள் அல்லவா" என்று சிரித்தார்.

அண்ணை கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது. இருக்காதே என்று சொல்லிவிட்டு, ஒருவரும் இருக்கவில்லை என்று விற்கிற மனிதரை வேறு எங்கே பார்ப்பது?

வாங்கியவன் என்ன செய்யப் போகிறான் என்று தமக்குத் தெரியாது என்றார் பெரியவர். சிலுவை இறங்கிய கையோடு காசு விழுங்கும் சூதாட்ட இயந்திரங்கள் லொறியில் வந்து இறங்கின. வாசலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'கசினோ' என்று பலகை ஏறியது. முறையான கசினோ எதுவும் அப்போது அந்த நாட்டில் இல்லை. அவனுக்கு அந்தப் பெயரில் ஓர் ஆசை.

என் கல்யாணம் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நடந்தது. தாலி ஏறும்போது றப்பர்ச் சப்பாத்து மணம் அடித்தது. பெரியவர் பூங்கொத்தோடு வந்தார். யார் அழைத்தது என்று கேட்க வேண்டுமா? அண்ணைதான். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடடா, இத்தனை பேரா நீங்கள்!" என்று வியந்தபடி கையை நீட்டினார். நான் என் பூச்செண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் காரை நிற்பாட்டச் சொன்னேன். வெள்ளைச் சேலையும் முக்காடுமாக உள்ளே போனேன். மாப்பிள்ளை பதறிக்கொண்டு பின்னால் வந்தார். பீடம் இருந்த இடத்தில் இயந்திரங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. விளையாடிக் களைத்தவர்களுக்காக ஒரு வாங்கைச் சுவரோரம் போட்டிருந்தார்கள். பித்தளைத் தகடு அதில் அப்படியே இருந்தது. புதுச் சொந்தக்காரன் ஓர் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து வைத்து நோண்டிக்கொண்டிருந்தான்.

"இதில் இருக்கலாமா?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எங்கே வேண்டுமானாலும் இரு" என்றான்.

அவனும் ஒன்றும் புண்ணியவான் இல்லை. என் தாலி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தால் அதையும் போடச் சொல்லியிருப்பான். நான் இருந்தேன்.

"எழும்பும், ஆக்கள் பாக்கினம்" என்றார் அவர்.

"பாக்கட்டும். நீங்களும் வந்து இருங்கோ."

கொஞ்சம் தயங்கிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். அக்கா கிழமைதோறும் துடைத்த வாங்கு. அதில் முதன்முதலாக இருந்த தமிழ் ஆட்கள் நாங்கள்தான்.