அத்தை கையைப் பின்னால் கட்டிய நாள்

என் அத்தைக்கு யாரையும் வேலை ஏவத் தெரியாது. நாங்கள் இருக்கும் இந்த வெளிநாட்டில், ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். யாராவது ஒன்றைக் கீழே போட்டுவிட்டுப் போனால், "இத எடுக்கணுமே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து எடுப்பாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இங்கேயும் அதே கதைதான்; எனக்குச் சௌகரியம்.

போன வருஷம் அங்கே மேற்பார்வை வேலை காலியானது. கூடத்தில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அதனால் ஸ்பானிஷில் வேலை சொல்லத் தெரிகிறதா என்று ஒரு தேர்வு. நின்று நின்று முழங்கால் வீங்கிப்போன அத்தைக்கு அந்த நாற்காலி ரொம்பத் தேவை. பாஷை பிரச்சினையே இல்லை. கூட மடிப்பவர்களிடமே பிடித்துக்கொண்டாள்.

"'ஆய் கே'ன்னா செஞ்சாகணும், யாருன்னு கிடையாது. 'தியெனெஸ் கே'ன்னா நீதான் செஞ்சாகணும்" என்று எனக்கே பாடம் எடுத்தாள். அந்த 'ஆய் கே' அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

தேர்வில், தேர்வாளர் தொழிலாளி மாதிரி நடித்து ஈர விரிப்பை உலர்ந்த விரிப்பு வண்டியில் போட்டார். சொல்லித் திருத்த வேண்டும். அத்தை "ஆய் கே" என்று முனகிவிட்டு, வண்டியைக் காலி செய்து, எல்லாவற்றையும் தானே மடித்து அடுக்கிவிட்டு வந்தாள். ஃபெயில்.

"மடிப்பு பிரமாதம்னு சொன்னாருடா" என்றாள் பெருமையாக.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. பயிற்சியை நான் கையில் எடுத்தேன். தினமும் குளித்துவிட்டு ஈரத் துண்டை அவள் கட்டிலில் போட்டேன். தினமும் அவளே எடுத்து உலர்த்தினாள். ஒரு வாரத்தில் துண்டுக்கே கூச்சம் வந்துவிட்டது.

தேர்வு நாள் காலை, இஸ்திரி போட்டு வைத்திருந்த அவள் சீருடை மேலேயே ஈரத் துண்டைப் போட்டேன்.

"டேய் குரங்கே!"

"ஸ்பானிஷ்ல சொல்லு அத்தை."

அவள் கை துண்டுக்குப் போனது.

"ம்ஹூம், கையப் பின்னாடி கட்டு."

கட்டிக்கொண்டாள். துண்டை முறைத்தாள். கடைசியில் வெடித்தாள்: "தியெனெஸ் கே பிளாஞ்சார்!"

"அப்படின்னா?"

"நீதான் இஸ்திரி போடணும்டா, எருமை!"

போட்டேன். முதலில் காலர், அப்புறம் தோள், அப்புறம் சட்டைக் கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு "தியெனெஸ் கே". இரண்டு தடவை அவள் கை முன்னால் வந்தது. இருமினேன், திரும்பிப் போய்விட்டது. இடது சட்டைக் கையில் ஒரு மடிப்பு விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்தது. பார்த்தாள். அப்படியே மாட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாஸாயிட்டேன்டா! கையப் பின்னாடி கட்டிக்கிட்டேன். அந்த ஆளே அத்தனையும் எடுத்து வெச்சாரு. பாவம், மடிக்கத்தான் தெரியல."

இப்போது அத்தை உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. சீருடைக்கு அவளேதான் இஸ்திரி போடுகிறாள். ஆனால் இடது சட்டைக் கையில் மட்டும் ஒவ்வொரு தடவையும், அதே இடத்தில், அந்த இரட்டை மடிப்பைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறாள்.

"ஏன் அத்தை?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன? போய்த் துண்ட உலர்த்து."

உலர்த்தினேன்.